மோட்டார் யார் வீட்டுச் செலவு?

பி.காம் படிக்கிறவனுக்கு கேமரா லென்ஸ் வரலாறு எதற்கு என்று கேட்பீர்கள். முதலில் ஒரு சோகக் கதை.

போன தை மாதம் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். எங்கள் ஒரகடத்துக்குப் பக்கம்தான். ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய கேமரா, இன்னொருவரிடம் வாங்கிய வேறு கம்பெனி லென்ஸ், இரண்டையும் மாட்டிக்கொண்டு பந்தாவாகப் போய் நின்றேன். கெட்டிமேளம் கொட்டியது. பட்டனைப் பாதி அழுத்தினால் லென்ஸ் அசையவே இல்லை! பதறிப்போய்க் கையால் திருகி எடுத்த படத்தில் தாலி மங்கல், பின்னால் நின்ற தவில்காரர் பளிச். அக்கா இன்னும் அந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கேமராவிலும் கோளாறு இல்லை, லென்ஸிலும் கோளாறு இல்லை. ஆட்டோஃபோகஸ் மோட்டார் இரண்டிலுமே கிடையாது, அவ்வளவுதான். வாங்கும்போது எனக்கு அது தெரியவில்லை. அது ஏன் அப்படி என்று தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

1985-ல் வந்த மினோல்டா 7000 கேமராவில் மோட்டார் பாடிக்குள் இருந்தது. லென்ஸ் மாட்டும் வாயில் ஒரு குட்டி ஸ்குரூடிரைவர் முனை நீட்டிக்கொண்டிருக்கும். அது லென்ஸின் பின்பக்கம் உள்ள காடியில் உட்கார்ந்து திருகும். 1986-ல் நிக்கான் எஃப்-501-லும் இதே ஏற்பாடு. சிக்மா, டாம்ரான், டோக்கினா மாதிரி வெளி கம்பெனிகளுக்கு இது வசதி. லென்ஸில் பல்சக்கரம் வைத்தால் போதும். நமக்கும் லாபம்: ஐந்து லென்ஸ் வாங்கினாலும் மோட்டாருக்குக் காசு ஒருமுறைதான்.

1987-ல் கேனான் இதைத் தலைகீழாக மாற்றியது. பழைய எஃப்டி மவுண்டையே கைவிட்டு, ஈஓஎஸ் கேமராக்களில் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி மோட்டார் என்றது. பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே மின்தொடர்பு மட்டும்தான். கனமான லென்ஸுக்கு அதற்கேற்ற மோட்டாரை வைக்கலாம் என்பது இதன் நன்மை. அதே ஆண்டு வந்த 300 மி.மீ. லென்ஸில் அல்ட்ராசோனிக் மோட்டார் வைத்தார்கள். மின்சாரம் பட்டால் அதிரும் பீங்கான் துண்டுகளை ஓர் உலோக வளையத்தில் ஒட்டியிருப்பார்கள். அந்த அதிர்வு அலையாக ஓட, மேலே அழுத்தி வைத்த இன்னொரு வளையம் சுழலும். பல்சக்கரம் தேவையில்லை, சத்தமும் இல்லை.

வெளி கம்பெனிகள் அப்போது கேனானுக்காகச் செய்த லென்ஸ்களில் சாதா குட்டி மோட்டாரும் பல்சக்கரங்களும்தான். ஃபோகஸ் செய்யும்போது வரும் அந்த 'கிர்ர்ர்' சத்தம் இதனால்தான்.

மோட்டாரைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் பெரிய கார் கம்பெனிகளைச் சுற்றி எத்தனையோ வெண்டர் கம்பெனிகள். என் அப்பா வேலை பார்ப்பதும் அப்படி ஒன்றில்தான். பெரிய கம்பெனி டிராயிங் கொடுக்கும், ஆர்டர் கொடுக்கும், பார்ட்டை மாற்றினால் புது டிராயிங் வரும். சிக்மா, டாம்ரானுக்கு கேனான் எந்த டிராயிங்கும் கொடுக்கவில்லை! பாடியும் லென்ஸும் பேசிக்கொள்ளும் மின்மொழியை அவர்களே ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் சில பழைய சிக்மா லென்ஸ்களைப் பின்னாளில் வந்த கேனான் பாடிகளில் மாட்டினால் 'எர்ரர்' வந்தது. சிலவற்றுக்கு சிக்மா சிப் மாற்றித் தந்தது. மற்றவை அலமாரிக்குப் போயின.

நிக்கான் 1990-களிலேயே தன் லென்ஸ்களுக்குள் மோட்டார் வைக்க ஆரம்பித்திருந்தாலும் பாடி மோட்டாரையும் விடவில்லை. 2006 நவம்பரில் வந்த டி40-ல்தான் அதை எடுத்தார்கள். கேமரா சிறிதானது. ஆனால் நிக்கானின் சொந்த 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸே அதில் தானாக ஃபோகஸ் ஆகாது. அடுத்து வந்த டி60, டி3000, டி5000 எல்லாம் அதே வழி.

வெளி கம்பெனிகள் ஓடிப்போய் மோட்டார் சேர்த்தன. டாம்ரான் தன் 17-50 மி.மீ. லென்ஸுக்கு 2008-ல் மோட்டார் வைத்தது. டோக்கினாவின் 11-16 மி.மீ. லென்ஸ் நிக்கானுக்கு மோட்டாரோடு வர 2012 ஆனது. அதற்கு முன் விற்ற லென்ஸ்கள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று என் கைக்கும் வந்தது :-)

2018-ல் நிக்கான் இசட் கேமராக்களோடு வந்த அடாப்டரிலும் மோட்டார் இல்லை. பழைய ஸ்குரூ லென்ஸ்கள் மறுபடியும் கையால் திருகும் லென்ஸ்களாயின.

டிராயிங் விஷயத்தில் மட்டும் காலம் மாறியிருக்கிறது. சோனி 2011-ல் தன் இ-மவுண்டின் அடிப்படை விவரங்களை லென்ஸ் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. டாம்ரான் 2020-ல் அதற்கு லீனியர் மோட்டார் வைத்த 70-180 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்தது. நிக்கான் இசட்டுக்கு 2022-ல் உரிமத்தோடு டாம்ரான் லென்ஸ் வந்தது. கேனானே 2024-ல் ஆர்எஃப் மவுண்டுக்கு சிக்மாவையும் டாம்ரானையும் அனுமதித்தது. ஈஓஎஸ் வந்து 37 வருஷம் கழித்து!

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் படித்தது இங்கே புரிந்தது. பாடியிலிருந்து மோட்டாரை எடுத்தால் அந்தச் செலவு காணாமல் போவதில்லை. லென்ஸ் கம்பெனியின் கணக்குக்குப் போகிறது, அங்கிருந்து வாங்குபவர் கணக்குக்கு. யாரும் ஏற்காவிட்டால், கடைசியாக செகண்ட் ஹேண்டில் வாங்கும் நம் தலையில்.

ஸ்ரீபெரும்புதூரில் 2019 முதல் ஐஃபோன்கள் தயாராகின்றன. அந்தக் கேமராவுக்குள்ளும் காயிலும் காந்தமுமாக ஒரு குட்டி மோட்டார் உண்டு. ஆனால் அதில் லென்ஸைக் கழற்ற முடியாது, வெளி கம்பெனிக்கு இடமும் இல்லை. மாற்றி மாட்டும் சுதந்திரம் வேண்டுமென்றால் கொஞ்சம் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எனவே நண்பர்களே, நிக்கானுக்குப் பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். காடி வெட்டிய குட்டி ஸ்குரூ தெரிந்தால், உங்கள் பாடியின் வாயில் அந்த ஸ்குரூடிரைவர் முனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முகூர்த்தத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். தவில்காரர்தான் விழுவார்!