தமிழில் விஞ்ஞானக் கல்வி: சொல்லும் செய்கையும்

இலங்கையில் தமிழ்மொழி வாயிலாக விஞ்ஞானம் கற்பிக்கப்பட்ட வரலாற்றினை ஆராய்ந்தோர் பெரும்பாலும் மொழிப் பிரச்சினையையே முதன்மைப்படுத்தி எழுதியுள்ளனர். எம்மொழியிற் கற்பிப்பது, கலைச்சொற்களை எங்ஙனம் ஆக்குவது, நூல்களை யார் பெயர்ப்பது என்பனவே அவர்தம் வினாக்கள். இவை புறக்கணிக்கத்தக்க வினாக்கள் அல்ல. ஆயினும், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவன் விஞ்ஞானத்தை எவ்வாறு கற்கின்றான், உண்மையிற் கற்கின்றானா என்னும் வினா இவற்றின் நிழலிலே நெடுங்காலம் மறைந்து கிடந்தது. சொல்லுக்காக நாம் பட்ட பாட்டிற் பாதியேனும் செய்கைக்காகப் பட்டோமா என்பதை வரலாற்றுச் சான்றுகள் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இவர் மானிப்பாயில் மருந்தகம் அமைத்து, மாணாக்கரைச் சேர்த்து மேனாட்டு மருத்துவத்தைப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலங் கற்றோர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியேறினரேயன்றிக் கிராமங்களில் தங்கினாரில்லை. இதனைக் கண்ட கிறீன் 1864இல் தமிழுக்கு மாறினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவராலும் அவர் மாணாக்கராலும் தமிழிற் பெயர்க்கப்பட்டன. 1873இல் அவர் தாயகம் திரும்புமுன் பயிற்றிய மருத்துவர் தொகை அறுபதுக்கு மேற்பட்டதாகும்.

கிறீனைப் போற்றுவோர் அவருடைய கலைச்சொல் முயற்சியையே எடுத்துப் பேசுவர். அவர்தம் கற்பித்தல் முறையும் அதற்குக் குறையாத கவனத்துக்குரியது. மாணாக்கர் நோயாளியின் அருகில் நின்று பார்த்தனர், மருந்து கலந்தனர், சத்திர சிகிச்சையில் உதவினர். பாடநூல் பின்னர் வந்தது. தொழில் முன்னர் வந்தது. தமிழில் எழுதப்பட்ட நூல் அங்கு பயன்பட்டமைக்குக் காரணம், அதிற் கூறப்பட்டதை மாணவன் தன் கையாற் செய்துகொண்டிருந்தமையே எனலாம். அவர் சென்றபின் தமிழ் மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. நூல்கள் எஞ்சின; முறை எஞ்சவில்லை.

கிழக்கிலங்கையிலே இம்முயற்சியின் அடுத்த கட்டத்தை உருவாக்கியவர் சுவாமி விபுலாநந்தர். கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892இற் பிறந்த இவரை யாழ்நூலாசிரியராகவே தமிழுலகம் பெரிதும் அறியும். அவர் விஞ்ஞான ஆசிரியராகவும் பணியாற்றினார் என்பது பலரும் மறந்துபோன செய்தி. கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத்திற் சான்றிதழ் பெற்று, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர் அவர். 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பௌதிகமும் இரசாயனமும் கற்பித்தவர் ஒருவர் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை வகித்தமை சிறப்புடையது. சொல்லைப் பயன்படுத்தப்போகும் வகுப்பறையை அவர் அறிந்திருந்தார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு 1942இற் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், விபுலாநந்தரோடு நட்புப் பூண்டார். நெல் விளையும் இக்கரையில் முஸ்லிம்களின் கல்விநிலை பின்தங்கியிருப்பதைக் கண்டு கல்முனையிற் கல்விச் சங்கம் ஒன்றினை நிறுவியவரும் அவரே. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை எழுந்தது. இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது அதனைப் பெற்றுக்கொள்ள இப்பகுதி ஓரளவு ஆயத்தமாயிருந்தமைக்கு இவையே காரணம். ஆனால் அவ்வாயத்தம் ஆசிரியரையும் பள்ளியையும் பற்றியதாய் இருந்ததேயன்றி ஆய்வுகூடத்தைப் பற்றியதாய் இருக்கவில்லை.

தாய்மொழிக் கல்வி ஆரம்ப வகுப்புகளில் 1945 முதலும், இடைநிலை வகுப்புகளில் 1953 முதல் படிப்படியாகவும் விரிந்தது. அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் பாடநூல்களும் வெளிவந்தன. தமிழகத்தார் அழுத்தம் என்பதை நாம் அமுக்கம் என்றோம். அவர்தம் ஆக்சிஜன் எமக்கு ஒட்சிசன் ஆயிற்று. உயர்தர வகுப்பு வரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கும் ஆற்றலை ஒரு தலைமுறைக்குள் ஈட்டியமை சிறிய சாதனையன்று. இந்தச் சாதனையை நினைந்து பெருமிதங் கொண்டோர், கலைச்சொல்லை அறிந்தவன் கருத்தையும் அறிந்தவனாவான் என்று எண்ணிவிட்டனர் போலும்.

இந்நிலையிலேதான் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வந்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணிற் செலுத்தியதன் பின்னர் மேனாடுகளில் விஞ்ஞானப் பாடவிதானங்கள் யாவும் மீளாய்வுக்கு உள்ளாயின. அமெரிக்காவிற் பௌதிகக் கல்விக் குழுவும், 1962 முதல் இங்கிலாந்தில் நஃபீல்ட் திட்டமும் மாணவனைக் கண்டறிபவனாக ஆக்க முயன்றன. அவ்வலை இலங்கையையும் வந்தடைந்தது. 1971 ஏப்ரற் கிளர்ச்சியிற் படித்த இளைஞரின் வேலையின்மையைக் கண்டு அதிர்ந்த அரசாங்கம், கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூதின் காலத்திலே, ஆறாந்தரம் முதல் ஒன்பதாந்தரம் வரை எல்லா மாணவருக்கும் பொதுவான பாடவிதானத்தை வகுத்தது. ஒன்றிணைந்த விஞ்ஞானம் அனைவருக்கும் கட்டாய பாடமாயிற்று. கொழும்புக் கல்லூரி மாணவனுக்கும் சாகாமம் போன்ற உட்கிராமத்து மாணவனுக்கும் ஒரே விஞ்ஞானம் என்பது அதன் பொருள். இலங்கைக் கல்வி வரலாற்றில் இத்துணைச் சமத்துவ நோக்குடைய முடிவுகள் மிகச் சிலவே.

முடிவு உயர்ந்தது, நடைமுறை அவசரமானது. புதிய பாடவிதானம் ஓராண்டில் நாடெங்கும் தொடங்கப்பட்டது. ஆசிரியர்களுக்குக் குறுகிய காலச் சேவைக்காலப் பயிற்சியே கிடைத்தது. அதுவரை பொது விஞ்ஞானத்தைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவர், திடீரெனச் செயல்முறைகளை நடத்துவித்து, மாணவரைக் கண்டறியச் செய்ய வேண்டியவரானார். பாடவழிகாட்டி நூலிற் பரிசோதனைகள் இருந்தன. வகுப்பறையில் அவற்றுக்குரிய பொருள்கள் இருக்கவில்லை. விளைவு யாதாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனைகள் வாசிக்கப்பட்டன.

அதே 1972ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் வேறொரு முயற்சி தொடங்கிற்று. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடையது. அங்கே கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம நிலையம் ஆகிய இரு நிறுவனங்கள் 16 நடுநிலைப் பள்ளிகளை மட்டும் தேர்ந்துகொண்டன. தில்லிப் பல்கலைக்கழகத்தினதும் தாதா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினதும் விஞ்ஞானிகள் வந்து கிராம ஆசிரியரோடு அமர்ந்து பாடங்களை ஆக்கினர். நான்கு மாணவர் கொண்ட குழுவுக்கு ஒரு பரிசோதனைப் பெட்டி. விடையை முன்கூட்டிச் சொல்லாது வினாவை மட்டும் எழுப்பும் பயிற்சிநூல். நூலைத் திறந்துவைத்து எழுதும் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும். மாதந்தோறும் ஆசிரியர் கூட்டம். சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரத்துக்கு மாணவர் கடிதமெழுதி ஐயங்கேட்கலாம், விடையும் வரும். ஆறாண்டுக் காலம் சிறிய அளவிற் சோதித்துத் திருத்திய பின்னரே 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரித்தனர். 1982இல் ஏகலவ்யா நிறுவனம் இதனைப் பொறுப்பேற்றது.

எம் நாட்டில் விரிவு முதலில் வந்தது; சோதனை வரவேயில்லை. அங்கே சோதனை முதலில் வந்தது. பரீட்சையை மாற்றாமற் கற்பித்தலை மாற்றவியலாது என்பதையும் ஹோசங்காபாத்தார் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். நாம் அதனை உணரவில்லை என்பது மட்டுமன்று. எமது பரீட்சை வேறொரு போரின் களமாக மாறிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் மருத்துவ பீட அனுமதிக்கு 400 புள்ளிகளுக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250உம், சிங்களமொழி மூலம் தோற்றியோர் 229உம் பெறவேண்டியிருந்தது. பின்னர் 1973இல் தரப்படுத்தலும் 1974இல் மாவட்டப் பங்கீடும் வந்தன. யாழ்ப்பாணத்து மாணவனுக்கு இஃது அநீதியாயிற்று. அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு மாவட்டப் பங்கீடு ஒரு வாயிலைத் திறந்தது என்பதையும் நேர்மையோடு கூறவேண்டும். இவ்வாதத்தின் நியாயங்கள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆனால் ஒரு விளைவு இரு பகுதிக்கும் பொதுவானது: தமிழ்மொழி மூலமான விஞ்ஞானக் கல்வி முழுவதும் ஒவ்வொரு புள்ளிக்காகவும் நடக்கும் போட்டியாகச் சுருங்கிற்று. தனியார் போதனை வகுப்புகள் பெருகின. புள்ளி தராத பரிசோதனைக்கு அங்கே இடமிருக்கவில்லை.

மாணவரின் கற்றல் பற்றிய ஆய்வு உலகிற் புதிய திசையிற் சென்ற காலமும் இதுவே. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொசலிண்ட் டிறைவர் 1983இல் வெளியிட்ட நூலும் அதனைத் தொடர்ந்த ஆய்வுகளும் ஓர் உண்மையை வலியுறுத்தின. மாணவன் வெறும் பாத்திரமாக வகுப்புக்கு வருவதில்லை. இயற்கை பற்றிய தன் சொந்தக் கருத்துகளோடு வருகின்றான். கற்பித்தபின்னும் அக்கருத்துகள் அழிவதில்லை. பரீட்சைக்கு ஒன்று, வாழ்வுக்கு ஒன்று என இரண்டும் அருகருகே வாழ்கின்றன.

இதற்கு உதாரணம் தேடி லீட்ஸ் வரை செல்லவேண்டியதில்லை. அம்பாறைக் கரையில் எந்த வட்டைக்குச் சென்று கேட்டாலும் பசளையே பயிரின் உணவு என்பர். கமக்காரனின் மகனும் அவ்வாறே அறிந்திருக்கின்றான். அவனே வகுப்பில், தாவரம் காபனீரொட்சைட்டையும் நீரையும் கொண்டு சூரிய ஒளியிற் தன் உணவைத் தானே ஆக்குகின்றது என்று பிழையின்றி எழுதுகின்றான். நெல்மணியின் பாரம் பெரும்பாலும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது என்று கூறினால் அவன் நகைப்பான். நகைப்பதும் இயல்பே. பெல்ஜிய நாட்டு வான் ஹெல்மொண்ட் பதினேழாம் நூற்றாண்டில் 200 இறாத்தல் மண்ணில் 5 இறாத்தல் வில்லோக் கன்றினை நட்டு, ஐந்தாண்டு நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 169 இறாத்தல் ஆயிற்று. மண்ணிற் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்சு. எனவே மரம் முழுவதும் நீராலானது என்று அவர் முடிவுசெய்தார். காற்றின் பங்கினைக் காண மேலும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. ஐரோப்பிய அறிஞர் உலகுக்கு நூற்றாண்டுகள் பிடித்த ஒரு கருத்தினை நாற்பது நிமிடப் பாடத்தில் ஒரு சொல்லாக ஒப்புவிக்கின்றோம். அச்சொல் ஒளித்தொகுப்பு. இலையை மதுசாரத்தில் அவித்து, அயடீன் துளியிட்டுக் கருநீலமாதலைப் பார்த்தவன் ஒருவனாயின், கருநீலம் என்று மனனஞ் செய்தவர் பலராவர்.

மாணவனின் அனுபவம் எப்பொழுதும் விஞ்ஞானத்துக்குத் தடையாவதில்லை. திருக்கோவிற் பகுதியின் வயல்களை வாழவைக்கும் சாகாமக் குளம் போன்ற குளமொன்றின் அருகில் வளரும் சிறுவன், குளம் நிறைந்திருக்கையிற் துருசினூடாக நீர் சீறிப் பாய்வதையும் வற்றும் காலத்து மெல்லென ஒழுகுவதையும் கண்டவன். குளக்கட்டின் அடி அகன்றும் தலை குறுகியும் இருப்பதை நாள்தோறும் மிதித்து அறிந்தவன். திரவ அமுக்கம் ஆழத்தோடு கூடும் என்னும் விதி அவனுடைய கண்முன் கிடக்கின்றது. பாடநூலோ துளையிட்ட தகரப் பேணியின் படத்தைக் காட்டுகின்றது. பேணியை நான் பழிக்கவில்லை. அதனைக் கையிற் கொடுத்தால் நன்றே. ஆனால் வட்டவிதானை அறிந்ததும் நூல் அறிவிப்பதும் ஒன்றே என்பதை மாணவனுக்கு எடுத்துரைக்க எம் பாடவிதானத்தில் எவரும் நியமிக்கப்படவில்லை.

பின்வந்த வரலாற்றினைச் சுருக்கமாகவே கூறலாம். 1978 நவம்பர்ச் சூறாவளியும், 2009 வரை நீடித்த போரும், 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையும் இக்கரைப் பள்ளிகளைத் திரும்பத் திரும்பச் சிதைத்தன. தேசிய கல்வி நிறுவகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுந்தது. 2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தேர்ச்சி மையப் பாடவிதானத்தையும், அமெரிக்காவில் 1980களில் உருவாக்கப்பட்ட ஐந்து கட்டக் கற்பித்தல் முறையினையும் கொண்டுவந்தது. மாணவனின் முன்னறிவிலிருந்து தொடங்கி, ஆராயச் செய்து, அதன்பின்னரே விளக்குதல் என்பது அம்முறையின் சாரம். அதாவது டிறைவர் போன்றோரின் ஆய்வு ஈற்றில் எம் ஆசிரியர் கைந்நூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் பரீட்சைப் போட்டி தளரவில்லை. 1972இற் போலவே முறை அச்சில் வந்தது. முப்பதாண்டு நின்ற ஹோசங்காபாத் திட்டத்தையும் 2002இல் மாநில அரசு மூடிவிட்டது. மக்களிடையே வேரூன்றியதாகக் கருதப்பட்ட முயற்சிக்கே அக்கதியாயின், மேலிருந்து இறங்கும் சுற்றுநிருபத்தின் ஆயுளைக் கேட்பானேன்?

இவற்றின் பயன் யாரைச் சுடுகின்றது என்பதைப் புள்ளிவிவர நூல்களைவிடப் பல்கலைக்கழகக் கலைப் பீடத்து வாங்குகள் தெளிவாகக் காட்டும். உயர்தர விஞ்ஞானப் பிரிவுடைய பள்ளிகள் நாட்டிற் பத்திலொரு பங்களவே. அவையும் பெரும்பாலும் நகரங்களில் உள்ளன. எம்முடன் பயில்வோரிற் பலர் கலையை விரும்பித் தேர்ந்தவர் அல்லர். அவர்தம் ஊர்ப் பள்ளியில் வேறு பிரிவு இருந்ததில்லை. அவர்களிற் சிலர் தவளையின் குருதிச் சுற்றோட்டத்தை இன்றும் தவறின்றி ஒப்புவிப்பர்.

விஞ்ஞானப் பிரிவினைப் பெற்று முன்சென்றவனின் நிலை வேறு வகையானது. விபுலாநந்தரின் காரைதீவுக்கு அயலூரான சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்துள்ளது. பதின்மூன்று ஆண்டுகள் அமுக்கம் என்றும் ஒட்சியேற்றம் என்றும் கற்றவன் அங்கு முதல்நாள் விரிவுரையில் ஆங்கிலத்தைக் கேட்கின்றான். ஆய்வுகூட மேசையிற் குழாயியை முதன்முதலாகக் கையிலெடுப்பவனும் அவனாயிருத்தல் கூடும். ஆங்கிலச் சொல்லை அவன் ஓராண்டிற் கற்றுவிடுகின்றான். குழாயியில் நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அவனுக்குப் பதினொரு வயதிலேயே ஆறாந்தரத்தில் ஒருவர் காட்டியிருக்கலாம். 1972ஆம் ஆண்டுப் பாடவிதானம் நாடெங்கும் உள்ள பிள்ளைகளுக்கு வாக்களித்தது அத்தகைய கல்வியையே.