ஏரி வாரியமும் ஏரி வேலையும்

பெருமுக்கல் மலைக்கோயிலின் சோழர் கல்வெட்டுகளைப் பார்க்க வரும் என் மாணவிகள், உள்ளாட்சி என்றதும் உத்திரமேரூர்க் குடவோலையைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டை (கி.பி. 921) முழுதாகப் படிக்கச் சொல்வேன். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி எல்லாம் உள்ளவர் பெயரே ஓலையில் ஏறும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பெண் கூடாதென்று தனியே எழுதும் தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. ஏரியில் மண் சுமந்தவர் யாரென்றும் அதில் இல்லை.

2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை முதலில் வந்த தமிழகத்தின் ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றது சட்டம். தமிழகத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்களே வந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை. வயல் வேலையில் ஏது அந்தச் சமக்கூலி? ஆனால் சட்டம் கிராமத்துக்கு மட்டும். திண்டிவனம் நகராட்சி எல்லைக்குள் குடிபோனவளுக்கு இந்த வேலை கிடையாது.

2016இல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென்று சட்டமானது. தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருக்கும் ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஏரியைத் தூர்வாருவதென்று அவர் சொல்கிறார். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் அவளுடையது.