பழைய நிழற்படங்களும் நம் குடும்ப வரலாறும்

வரலாறு என்றவுடன் நம் மாணவர்களுக்குக் கோட்டையும் கல்வெட்டும் செப்பேடும் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் நம் முன்னோர் தம் பெயரோடு இடம்பெற்றது அரிது. எனினும் நம் வீட்டுச் சுவர்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் வரலாற்றுச் சான்று ஒன்று உறங்கிக் கிடக்கிறது. அதுவே பழைய நிழற்படம். அச்சான்றை எவ்வாறு படிப்பது என்பதை இவ்வெள்ளி விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டு பாரிசு நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. விரைவில் அது இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் நம் மக்கள் தம் விருப்பத்தால் படம் எடுத்துக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அதற்கு முன்னரே பிறர் நம்மைப் படம் எடுத்தனர். ஆங்கில அரசு 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்னும் பொருள்படும் நூலை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இத்தகைய நூல்களின் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் காணப்படுவது சாதியின் பெயரே. படத்திலுள்ள மனிதர் யார், அவருக்கு மக்கள் எத்தனை பேர் என்று கேட்டறியும் எண்ணம் அப்பணியில் இல்லை.

ஆகவே, நம்மவர் ஒருவர் தம் கைக்காசைச் செலவிட்டு ஸ்டுடியோ ஒன்றில் எடுத்துக்கொண்ட படம் சிறிய பொருளன்று. அப்படிப்பட்ட படம் எம் இல்லத்திலும் ஒன்று உண்டு. அந்நாளைய வட ஆற்காடு மாவட்டத்துச் சேரிகளிலிருந்து பல்லாயிரவர் கோலார் தங்கவயலுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். எம் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். படத்தில் அவர் தலைப்பாகையும் கோட்டும் அணிந்து நாற்காலியின்மேல் கைவைத்து நிற்கிறார். “தாத்தா சுரங்கத்தில் அதிகாரியாக இருந்தார்” என்று கேட்டே யாம் வளர்ந்தோம். எம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொன்னோம்.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் இல்லத்தில் அவர் பாட்டனாரின் படத்தைக் கண்டோம். அதே நாற்காலி, அதே கோட்டு, இரண்டாம் பொத்தான் இல்லாத அதே குறை. திகைத்துப்போய் எம் அத்தையாரிடம் வினவினோம். “அது படம் எடுக்கிற கடைக்காரன் கோட்டு, தம்பி. உங்க தாத்தா பூமிக்குள்ள பாறையில துளை போட்டவரு” என்றார். மீண்டும் படத்தை உற்று நோக்கினோம். கோட்டின் கை, விரல்வரை நீண்டிருந்தது. கால்களில் செருப்பு இல்லை. இத்தனை ஆண்டுகள் கண்முன் இருந்தும் அவ்வெறுங்கால்களை யாம் கண்டதில்லை.

எம் குடும்பத்தார் பொய் சொன்னவர் அல்லர். நினைவின் இயல்பே அது. பார்ட்லெட் என்னும் ஆங்கில உளவியல் அறிஞர் 1932இல் வெளியிட்ட நூலில், மனிதன் கடந்ததை அப்படியே மீட்டெடுப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புகிறான் என்று விளக்கினார். 2002இல் வெளியான ஆய்வொன்றில், சிறுவயதில் வெப்பக்காற்றுப் பலூனில் பறந்ததுபோல் ஒட்டிச் செய்த படத்தை 20 பேருக்குக் காட்டினர். ஒருநாளும் பறவாத அவர்களுள் பாதிப்பேர், அப்பயணம் ஓரளவேனும் தமக்கு நினைவிருப்பதாகக் கூறினர். படம் நினைவைக் காப்பதோடு நில்லாமல், புதிய நினைவையும் படைத்துவிடுகிறது.

அந்தக் கோட்டை நினைந்து நாணுவதா? வேண்டா. ஊர்த் தெருவில் தோளில் துண்டு போடவும் காலில் செருப்பு அணியவும் தடுக்கப்பட்ட மனிதர், கூலிப்பணத்தைக் கொடுத்து ஒருமணி நேரம் தாம் விரும்பிய கோலத்தில் நின்றார். அவ்விருப்பம் மெய்யானது. ஆனால் அவரை அதிகாரி ஆக்கியதால் நாம் இழந்தது பெரிது. 1930இல் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதில் எம் பாட்டனார் பங்குகொண்டாரா? அதிகாரி என்று நம்பியிருந்தமையால் எவரும் அக்கேள்வியைக் கேட்கவில்லை. விடை சொல்லக்கூடியவர் இன்று இல்லை.

எம் பாட்டியாரின் முகமோ எந்தப் படத்திலும் இல்லை. அவர் மூக்குத்தி அணிந்தது வலப்புறமா, இடப்புறமா என்பதில்கூட எம் வீட்டார் ஒருமித்துச் சொல்வதில்லை.

தாத்தா இரட்டைமலை சீனிவாசன், அண்ணல் அம்பேத்கருடன் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டவர். அவர் 1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே சுருக்கமாக எழுதி வெளியிட்டார். அவர் உருவத்துக்குத் துணையாக அவருடைய சொற்களும் நமக்குக் கிடைத்தன. நம் வீட்டுப் படங்களுக்குச் சொற்கள் இல்லை. அவற்றைத் தேடிச் சேர்ப்பது படித்த தலைமுறையின் கடமையாகும்.

இளைஞர்களே, இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள். படத்தில் இருப்பவர் பெயர், தொழில், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். முதியோர் இருவரைத் தனித்தனியே கேளுங்கள். அவர்கள் கூற்று மாறுபட்டால் இரண்டையும் குறியுங்கள். பெருமைக்காக ஒன்றை அழித்துவிடாதீர்கள். படத்தில் இல்லாத பெண்களைப் பற்றியும் கேளுங்கள். படியொன்றை நம் கழக நூலகத்துக்கு அளியுங்கள்.

எம் பாட்டனார் படத்தின் பின்புறத்தில் அவர் பெயருக்குக் கீழே யாம் இப்போது எழுதியிருப்பது இது: “கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி. பாறையில் துளையிட்டவர். கோட்டு இரவல்.”