பிரேசில்: சரக்கின் பெயரைச் சுமக்கும் நாடு

பிரேசில் என்ற நாடு இருப்பது ஐரோப்பாவுக்குத் தெரியவருவதற்கு முன்பே ஐரோப்பியச் சந்தைகளில் ‘பிரேசில்’ விலைபோனது. அது ஒரு மரக்கட்டை. சீவித் தூளாக்கி ஊறவைத்தால் துணிக்கு ஏற்ற சிவப்புச் சாயம் இறங்கும். தணலைக் குறிக்கும் ‘பிராசா’ என்ற சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பதே பெருவழக்கான விளக்கம்.

அந்தக் கட்டை போனது நம் பக்கத்திலிருந்துதான். தமிழில் சப்பங்கம், மலையாளத்தில் பதிமுகம். கேரள உணவகங்களில் இளஞ்சிவப்பாக ஒரு வெந்நீர் வைப்பார்களே, அதில் கிடப்பது இந்த மரத்தின் சீவல்தான். மார்க்கோ போலோ கொல்லத்துச் சரக்குகளில் இதையும் சேர்த்துச் சொல்கிறார். சுமத்ராவிலிருந்து விதை கொண்டுபோய் வெனிசில் விதைத்ததாகவும், குளிரில் ஒன்றுகூட முளைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

1500 ஏப்ரல் 22 அன்று, கோழிக்கோட்டுக்குப் புறப்பட்டிருந்த போர்ச்சுகீசியத் தளபதி கப்ராலின் கப்பல்கள் மேற்கே விலகி ஒரு கரையைக் கண்டன. முதலில் அதற்கு ‘மெய்ச்சிலுவைத் தீவு’ என்று பெயரிட்டார்கள். அது தீவல்ல என்று தெரிந்தபின் ‘புனிதச் சிலுவை நாடு’ ஆயிற்று. உடனே அள்ளிப்போகப் பொன் அகப்படவில்லை. அகப்பட்டது சப்பங்கத்துக்கு உறவான ஒரு முள்மரம், அதே சிவப்பு. பழைய சரக்கின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். 1502-இல் போர்ச்சுகல் அரசு அதை வெட்டி விற்கும் உரிமையை பெர்னாவ் டி லொரோன்யா என்ற வணிகரின் கூட்டுக்குக் குத்தகைக்கு விட்டது. சில பத்தாண்டுகளில் சிலுவைப் பெயர் மங்கி, மரத்தின் பெயரே நாட்டுக்கு நிலைத்தது. சிலுவையை மறக்கடித்துச் சாயக்கட்டையின் பெயரை நிலைநாட்டியது சாத்தானின் வேலை என்று வரலாற்றாசிரியர் ஜுவாவ் டி பாரோஸ் மனம் நொந்து எழுதினார்.

பாரோசின் வருத்தம் சிலுவைக்காக. எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கரையில் வாழ்ந்த தூப்பி மக்களிடம் இந்த மரத்துக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது: இபிரபிட்டாங்கா, அதாவது செம்மரம். வெட்டியவர்களும் அவர்கள்தான். சிவப்பு இருப்பது வைரத்தில் மட்டும். அதனால் மரத்தைச் சாய்த்து, முள்ளும் பட்டையும் வெளிறும் செதுக்கி, துண்டு போட்டு, தோளில் சுமந்து கரை சேர்க்க வேண்டும். கூலி இரும்புக் கோடரியும் கத்தியும் கண்ணாடியும். 1511-இல் ‘பிரெட்டோவா’ என்ற ஒரே கப்பல் காபு பிரியூவிலிருந்து சுமார் 5,000 கட்டைகளை ஏற்றிப்போனது. அடிமைகளாக்கிய மனிதர்களையும் ஏற்றிப்போனது. மறுமுனையிலும் கட்டாய வேலைதான். ஆம்ஸ்டர்டாமில் 1596-இல் திறந்த சிறையில் கைதிகள் நாளெல்லாம் இந்தக் கட்டையை அரத்தால் ராவித் தூளாக்கினார்கள்.

பிரேசிலின் குவானபாரா விரிகுடாவில் சில மாதங்கள் தங்கிய பிரெஞ்சுக்காரர் ஜான் டி லெரி, 1578-இல் வெளியிட்ட நூலில் ஒரு தூப்பி முதியவரின் கேள்விகளைப் பதிந்திருக்கிறார். உங்கள் ஊரில் விறகே இல்லையா என்று தொடங்குகிறார் முதியவர். சாயத்துக்கு என்றதும், இவ்வளவா வேண்டும் என்கிறார். ஒரே வணிகர் எல்லாவற்றையும் வாங்குவார் என்றதும், அவர் சாகமாட்டாரா, செத்தால் சொத்து யாருக்கு என்று கேட்கிறார். பிள்ளைகளுக்கு என்ற பதிலைக் கேட்டு, நம்மைப் போஷித்த மண் பிள்ளைகளையும் போஷிக்காதா, இதற்காகவா கடல் தாண்டி அல்லல்படுகிறீர்கள் என்று முடிக்கிறார். காலனி ஆட்சியைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு நேரான விசாரணை வேறில்லை.

1605-இல் அனுமதியின்றி வெட்டினால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. காத்தது காட்டை அல்ல, அரசின் வருமானத்தை. அதற்குள் கரும்புத் தோட்டங்கள் வந்துவிட்டன, ஆப்பிரிக்க அடிமைகளும் கொண்டுவரப்பட்டுவிட்டார்கள். பிறகு பொன், பிறகு காப்பி. பெயர் மட்டும் மாறவில்லை. அந்நாட்டவரைக் குறிக்கும் ‘பிரசிலெய்ரோ’ முதலில் சாயக்கட்டைத் தொழில் செய்பவரையே குறித்தது. போர்ச்சுகீசிய மொழியில் ‘எய்ரோ’ தொழிலைக் காட்டும் விகுதி. ரொட்டி சுடுபவர் ‘பதெய்ரோ’, கொல்லர் ‘பெரெய்ரோ’. ஒரு தொழிற்பெயரே பின்னாளில் ஒரு நாட்டு மக்களின் பெயராயிற்று.

சொல் திரும்பியும் பயணம் செய்தது. இரு மரங்களிலும் சாயத்துக்கு மூலமான பொருளுக்கு வேதியியல் வைத்த பெயர் பிரேசிலின். பெயரைத் தந்த நம் சப்பங்கமே இன்று அந்தப் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறது.

செயற்கைச் சாயங்கள் வந்தபின் சாயச் சந்தை ஓய்ந்தது, கோடரி ஓயவில்லை. வயலின் வில்லுக்கு பிரேசில் மரம்போல வளைந்து நிமிர்வது வேறில்லை என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டுகொண்டார்கள். வில் செய்வோர் அதை ‘பெர்னாம்புகோ’ என்கிறார்கள். அது அந்நாட்டின் ஒரு மாநிலத்தின் பெயர். 1978-இல் பிரேசில் இதைத் தேசிய மரமாக அறிவித்தது. 2007 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனாலும் திருட்டு வெட்டு நிற்கவில்லை. வயலின் நம் கச்சேரி மேடைக் கருவியும்தான். நல்ல வில் வாங்கும்போது கடைக்காரர் ‘பெர்னாம்புகோ’ என்றால், மரம் எங்கே வெட்டியது, அதற்குச் சான்று உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.