அப்பா சொன்ன படிப்பு, பிடிக்காத வேலை, ஒரு கொசு



"டாக்டர், நான் தப்பான படிப்பை எடுத்துட்டேன்னு தோணுது. இனிமே மாத்த முடியுமா?"

இருபதுகளில் இருக்கும் தம்பி தங்கைகளிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. இன்ஜினியரிங் முடித்து ஐடியில் இருப்பவர், அப்பா அம்மாவுக்காக எம்.பி.பி.எஸ் சேர்ந்தவர், பேங்க் வேலை கிடைத்தும் ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைக் கலக்குதுன்னு சொல்பவர் என்று எல்லாத் துறையிலும் இருக்காங்க.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால ஒரு மனிதரோட கதையைச் சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

அவர் பெயர் ரொனால்ட் ராஸ். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதற்கான ஆதாரத்தைக் கண்டுபிடித்து 1902ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். இதைப் பள்ளிப் புத்தகத்திலேயே படிச்சிருப்பீங்க. அவருக்கு டாக்டர் ஆகணும் என்ற ஆசையே கிடையாது என்பதைப் படிச்சிருக்க மாட்டீங்க.

1857 மே 13 அன்று இமயமலை அடிவாரத்தில், இன்றைய உத்தரகாண்டில் இருக்கும் அல்மோராவில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் இந்தியப் படையில் அதிகாரி, பின்னாளில் ஜெனரல் ஆனவர். பத்துப் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு, உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பையனுக்குப் பிடித்தது ஓவியம், கவிதை, இசை. பதினாறு வயதில் ஓவியத் தேர்வு ஒன்றில் முதலிடமே வாங்கினார். எழுத்தாளர் ஆகணும் என்பது ஆசை.

அப்பா சொன்னது ஒன்றுதான். "டாக்டருக்குப் படி. இந்தியாவில் அரசாங்க வேலை."

நம்ம ஊர் வீட்டில் நடக்கிற உரையாடல் மாதிரியே இருக்குல்ல? நடந்தது 1874ல், லண்டனில்.

செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். ராஸ் படித்ததை விடக் கவிதையும் நாடகமும் எழுதி, இசையமைத்துக் கழித்த நேரம்தான் அதிகம். 1879ல் ஒரு தகுதித் தேர்வில் தேறினார். இந்திய மருத்துவப் பணிக்குத் தேவையான இன்னொரு தகுதி இரண்டாவது முயற்சியில்தான் கிடைத்தது. நடுவில் கப்பல் டாக்டராக வேலை பார்த்தார். 1881ல் ஒருவழியாகப் பணியில் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 24.

முதலில் வந்தது நம்ம மெட்ராஸ் மாகாணத்துக்கு. மெட்ராஸ், பெங்களூர், பர்மா, அந்தமான் என்று மாறி மாறிப் போஸ்டிங். பட்டாளத்து டாக்டர் வேலையில் நேரம் நிறைய மிச்சம் இருந்தது. அந்த நேரத்தில் கணக்குப் புத்தகங்களை வாங்கித் தானாகவே படித்தார். கவிதை எழுதினார், நாவல் எழுதினார். மனசு வேலையில் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கணக்குப் போடுங்க. 1881ல் வேலை, 1888 வரை பெரிய திருப்தி எதுவும் இல்லை. ஏழு வருஷம். இன்றைக்கு ஒரு பையன் 24 வயதில் வேலைக்குப் போய் 31 வரை இப்படி இருந்தால், "இவன் உருப்பட மாட்டான்"னு சொந்தக்காரங்க தீர்ப்பே எழுதியிருப்பாங்க.

1888ல் விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டன் போனார். அங்கே பொது சுகாதாரத்தில் டிப்ளமோ படித்தார். அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த புதுப் படிப்பு அது. கூடவே பாக்டீரியாக்கள் பற்றிய பயிற்சியும் எடுத்துக்கொண்டார். மைக்ரோஸ்கோப் முறையாகக் கைக்கு வந்தது. திரும்பி வந்தவர், பட்டாளத்து சிப்பாய்களை வாட்டிக்கொண்டிருந்த மலேரியாவைக் கவனிக்க ஆரம்பித்தார்.

அப்போது மலேரியா எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெயருக்கே இத்தாலிய மொழியில் "கெட்ட காற்று" என்றுதான் அர்த்தம். 1880ல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைப் பார்த்துவிட்டார். ராஸ் தேடிப் பார்த்தார். அவர் கண்ணில் படவில்லை. அதனால் அப்படி ஒன்று இருப்பதையே நம்பாமல், குடலில் உருவாகும் நஞ்சுதான் காரணம் என்று கட்டுரையும் எழுதினார்.

1894ல் மறுபடி விடுப்பு, மறுபடி லண்டன். இந்த முறை பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டரைச் சந்தித்தார். யானைக்கால் நோய் உண்டாக்கும் புழு கொசுவின் உடம்புக்குள் வளர்வதைச் சீனாவில் இருந்தபோது கண்டுபிடித்தவர் இவர். மேன்சன் ராஸை உட்கார வைத்து, மைக்ரோஸ்கோப்பில் மலேரியா ஒட்டுண்ணியைக் காட்டினார். "இதுவும் கொசு வழியாப் போகுதுன்னு நினைக்கிறேன். நான் லண்டன்ல இருக்கேன். நோயாளியும் கொசுவும் இருக்கிற ஊர்ல நீ இருக்க. நீதான் பார்க்கணும்" என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அந்த நாளில் ராஸுக்கு சுமார் 37 வயது. சம்பளம் மாறவில்லை, பதவி மாறவில்லை. ஆனால் அவருக்கென்று ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

1895ல் கப்பல் பம்பாய் வந்து சேர்ந்தது. சாமான்கள் சுங்கச் சோதனை முடிந்து வெளியே வருவதற்குள், மலேரியா நோயாளி யாராவது இருக்காங்களா என்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வேலையே பிடிக்காமல் நாவல் எழுதிக்கொண்டிருந்த அதே ஆள்!

இதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்காதீங்க.

செகந்திராபாத்தில் கொசுக்களை அறுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நடுவில் காலரா வந்ததால் பெங்களூருக்கு மாற்றினார்கள். 1897ல் ஊட்டி பக்கம் சீகூர் மலைப்பாதையில் மலேரியாவை ஆராயப் போனவருக்கே மலேரியா வந்தது. திரும்பி செகந்திராபாத் போய் மறுபடி உட்கார்ந்தார். கோடை வெக்கையில் பங்கா போட முடியாது, போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும். நெற்றி வியர்வை பட்டு மைக்ரோஸ்கோப் திருகுகள் துருப்பிடித்துவிட்டன.

ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசு கடிக்க விட்டு, கடித்த கொசு ஒன்றுக்கு ஒரு அணா கொடுத்தார். இரண்டு வருஷமாக அவர் அறுத்ததில் பெரும்பாலானவை மலேரியாவைப் பரப்பாத கொசு இனங்கள். கடைசியில் இறக்கையில் புள்ளி உள்ள வேறு வகைக் கொசு கிடைத்தது. 1897 ஆகஸ்ட் 20 அன்று அதன் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதைப் பார்த்தார். வயது 40. அந்த நாளைத்தான் இன்றைக்கும் உலகக் கொசு தினமாக அனுசரிக்கிறோம்.

அடுத்த மாதமே அவருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? டிரான்ஸ்ஃபர் ஆர்டர்! ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற ஊருக்கு. அங்கே மலேரியா நோயாளிகளே அரிது. வெறுத்துப்போய் ராஜினாமா செய்யும் அளவுக்குப் போனார். லண்டனிலிருந்து மேன்சன் மேலிடத்தில் பேசி, 1898ல் கல்கத்தாவில் மலேரியா ஆராய்ச்சிக்கென்று தனிப் பணி வாங்கித் தந்தார். அங்கே மனித நோயாளிகள் போதுமான அளவு கிடைக்காததால், பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, கடி வழியாக அடுத்த பறவைக்குப் போவதை நிரூபித்தார். மனிதர்களில் இதே சுழற்சியை உறுதி செய்தவர்கள் கிராஸி முதலான இத்தாலிய ஆய்வாளர்கள்.

சரி, நம்ம கேள்விக்கு வருவோம். 1881 ராஸுக்கும் 1895 ராஸுக்கும் நடுவில் மாறியது என்ன? படிப்பு அதேதான், முதலாளியும் அதே அரசாங்கம்தான். நான் பார்த்தவரை மூன்று விஷயங்கள் புதுசாக வந்து சேர்ந்தன.

ஒன்று, சொந்தக் கேள்வி. மேலதிகாரி கொடுத்த வேலையோடு, தானே விடை தேட விரும்பிய ஒரு பிரச்சினை.

இரண்டு, வழிகாட்டி. மேன்சன் சொன்னதெல்லாம் சரி இல்லை. கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடித்தால் மலேரியா வரும் என்று அவர் நினைத்தார், அது தவறு. ஆனால் ராஸ் எழுதிய நீண்ட கடிதங்களுக்கு விடாமல் பதில் போட்டார். சோர்ந்தபோது தூக்கிவிட்டார், அவருக்காக மேலிடத்தில் வாதாடினார்.

மூன்று, கற்றுக்கொள்ளக் கிடைத்த இடைவெளி. இரண்டு விடுப்புகள் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

இதையும் கவனிங்க. இளம் வயதில் அவர் தானாகப் படித்த கணக்கு வீண் போகவில்லை. பின்னாளில் மலேரியா பரவுவதைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதினார். கொசுக்களை முழுக்க அழிக்க வேண்டியதில்லை, ஒரு அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக அடங்கும் என்று காட்டினார். கொரோனா காலத்தில் "ஒருத்தரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவுது"ன்னு தினமும் கேட்டோமே, அந்தக் கணக்கின் முன்னோடிகளில் ராஸ் முக்கியமானவர்.

"அப்போ பிடிக்காத வேலையிலேயே பொறுத்துக் கிடக்கச் சொல்றீங்களா?" அப்படி இல்லைங்க.

சார்லஸ் டார்வினும் டாக்டரான அப்பா சொல்லி எடின்பரோவில் மருத்துவம் சேர்ந்தவர்தான். மயக்க மருந்து இல்லாத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பார்க்க முடியாமல் வெளியே ஓடினார். 1827ல் படிப்பையே விட்டார். அவர் விட்டது சரியான முடிவு.

இன்னொரு உண்மையும் சொல்லணும். ராஸ் ஒரு ராணுவ அதிகாரியின் மகன், வெள்ளைக்கார ஆபீசர். அவருக்கு விடுப்பு கிடைத்தது, கேட்க ஆளும் இருந்தது. அவர் சேர்ந்த பணிக்கு இந்தியர்களும் தேர்வு எழுதலாம், ஆனால் தேர்வு நடப்பது லண்டனில். கல்கத்தாவில் அவருக்குக் கொசு சேகரித்து உதவிய முகமது பக்ஸுக்கு என்ன வேலை பிடிக்கும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "பிடித்த வேலையைத் தேர்ந்தெடு" என்ற அறிவுரை, வீட்டில் முதல் பட்டதாரியாக வந்து கல்விக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வேறு மாதிரிதான் கேட்கும். அவங்க சம்பளத்துக்காக வேலை பார்ப்பது எந்த வகையிலும் குறைவானது இல்லை.

நோபல் வாங்கியதும் ராஸ் முழு திருப்தியோடு வாழ்ந்தாரா? அதுவும் இல்லை. யாருக்குப் பெருமை என்று கிராஸியோடு கடைசிவரை சண்டை. அரசாங்கம் தனக்குத் தகுந்த சன்மானம் தரவில்லை என்ற மனக்குறையும் இருந்தது. நோபல் வாங்கினாலும் பணித் திருப்தி நிலையாக இருப்பதில்லை. அதனால் அது இல்லாத நாட்களை வைத்து மட்டும் உங்களை எடை போடாதீங்க.

தம்பி தங்கைகளே, ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன்னாடி உங்க வேலையை ஒருமுறை சோதிச்சுப் பாருங்க. எனக்கென்று ஒரு கேள்வி இந்த வேலையில் இருக்கா? சொல்லிக் கொடுக்க ஒரு மேன்சன் இருக்காரா? புதுசா கற்றுக்கொள்ள நேரம் கிடைக்குதா? மூன்றில் ஒன்றாவது தேடினால் கிடைக்கும் என்றால், அதைத் தேட ஒரு வருஷம் கொடுங்க. மூன்றுமே இல்லை, தேடியும் கிடைக்கவில்லை என்றால், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, அடுத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு தைரியமா மாறுங்க.

ஒரு டாக்டரா ஒன்று சொல்லிடுறேன். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்ற ஆரம்பித்தால், அதை வேலைப் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்காதீங்க. 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் பேசலாம். பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் வரலாம். அதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

பெற்றோரே, பிள்ளை எந்தப் படிப்பு எடுக்கணும் என்று யோசிக்கிற அளவுக்கு, 30 வயதில் அவன் "கொஞ்சம் நின்னு யோசிக்கணும்பா"ன்னு சொன்னால் என்ன சொல்வோம் என்பதையும் யோசிச்சு வைங்க. அந்தப் பேச்சை வீட்டில் பேச முடியும் என்று அவனுக்குத் தெரிஞ்சாலே பாதி பாரம் இறங்கிடும்.