ஆறில் நான்கு, முப்பத்தாறில் பதின்மூன்று: நரேன் கார்த்திகேயனின் அமெரிக்க ஆண்டு பற்றி

நரேன் கார்த்திகேயனைப் பற்றி எழுதியவர்கள் பலர். வாசிப்பு மட்டும் ஒன்றுதான். 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அடுத்து வில்லியம்ஸில் சோதனை ஓட்டுநர். பிறகு இடம் கிடைக்காமல் 2010-இல் அமெரிக்காவுக்குப் போய் நாஸ்கார் டிரக் தொடரில் ஓட்டினார், 2011-இல் எச்.ஆர்.டி. அணி வழியாகப் பழைய இடத்துக்கு மீண்டார். இந்தக் கதையில் 2010 ஒரு வனவாசம். பத்திரிகை எழுத்தில் ஊறிப்போன இதைச் 'சறுக்கல் வாசிப்பு' என்றே இங்கு குறிக்கிறேன்.

சறுக்கல் என்றால் அதற்கு முன் ஓர் உச்சி இருந்திருக்க வேண்டும். இந்த வாசிப்பு காட்டும் உச்சி 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ்: நான்காம் இடம், 5 புள்ளிகள். அந்த ஆண்டில் அவர் எடுத்த புள்ளிகள் அவ்வளவே. அன்று நடந்தது என்ன? வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் பதின்மூன்றாம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் மிஷெலின் டயர் பழுதாகி வண்டி சுவரில் மோதியது. அந்த வளைவின் சுமையைத் தன் டயர் தாங்கும் என்று நிறுவனம் உறுதி தர மறுத்தது. ஞாயிறன்று 20 கார்கள் அணிவகுப்புச் சுற்றை முடித்தன. மிஷெலின் பூட்டிய 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. மிஞ்சியவை பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடிய ஆறு: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. ஆறும் ஓடி முடித்தன. நரேனுக்கு முன்னால் இரண்டு ஃபெராரிகளும் அவருடைய அணித் தோழர் மொண்டெய்ரோவும், பின்னால் மினார்டிகள்.

நரேன் அன்று செய்ய வேண்டியதைச் செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நான்கை ஒரு மலையுச்சியாக்கி, அடுத்து வந்ததையெல்லாம் இறக்கம் என்று அளப்பது கணக்கில் நிற்காது. சறுக்கல் வாசிப்பு கவனிக்காத இன்னொன்றும் உண்டு. அந்தப் பதின்மூன்றாம் வளைவு ஃபார்முலா ஒன்னுக்கென்று போடப்பட்டதல்ல; இண்டியானாபொலிஸ் ஓவலின், அதாவது முட்டை வடிவத் தடத்தின், சரிவான முதல் வளைவே எதிர்த்திசையில் ஓட்டப்பட்டது. மற்றவர்களை வெளியேற்றி நரேனுக்கு 5 புள்ளி தேடித் தந்ததே ஓர் ஓவலின் வளைவுதான். அதே ஓவல் உலகமான நாஸ்காருக்கு ஐந்தாண்டு கழித்து அவர் போனால் மட்டும் அது வனவாசமா?

இனி நான் முன்வைக்கும் பதிவு. 2010 மார்ச் 27, வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில், 250 சுற்றுப் பந்தயம், வைலர் ரேசிங் அணியின் 60-ஆம் எண் ஷெவர்லே, ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன், இடம் 13. நாஸ்காரில் ஓர் இந்தியரின் முதல் ஓட்டம் இது. நம் எழுத்துகளில் 'முதல் இந்தியர்' என்ற பட்டம் அச்சேறுகிறது. 13 என்ற எண் ஏறுவதில்லை.

சென்னை எண்ணூரில் லேலண்ட் லாரிகளையும் துறைமுகச் சாலையில் கண்டெய்னர் வண்டிகளையும் பார்த்துப் பழகிய நாம் டிரக் என்றதும் வேறொன்றை நினைப்போம். இது குழாய்ச் சட்டத்தின் மேல் பிக்கப் வண்டியின் மேலுடல் போர்த்திய பந்தய வண்டி. எடை சுமார் ஒன்றரை டன், 5.9 லிட்டர் வி8 எஞ்சின், கார்புரேட்டர். ஜோர்டான் காரோ ஓட்டுநரையும் சேர்த்துச் சுமார் 600 கிலோ. மார்ட்டின்ஸ்வில் தடம் ஒரு சுற்றுக்கு 0.526 மைல், அதாவது ஏறத்தாழ 850 மீட்டர். நேர்ப்பகுதியில் தார், வளைவில் கான்கிரீட். சரிவு 12 பாகை மட்டும். இருபது விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இரண்டு முறை முழு வேகத்திலிருந்து பிரேக் மிதிக்க வேண்டும், பின்னாலிருப்பவன் பம்பரால் இடித்துக்கொண்டிருப்பான். ஒற்றை இருக்கைக் காரில் உரசினால் சக்கரம் பறக்கும். இங்கே உரசாமல் ஓட்டவே முடியாது. ஓவலில் வளராத ஒருவர் முதல் நாளில் 36 வண்டிகள் கொண்ட களத்தில் பதின்மூன்றாவதாக வந்தது ஆறில் நான்காவதாக வந்ததைவிடக் கனமானது. இதுவே என் வாதம்.

அடுத்த வாதத்துக்குச் சான்று மெலிந்தது. ஆனாலும் விட்டுவிட மனமில்லை. சென்னையின் எம்.கே.பி. நகரிலிருந்து ஜி.என்.டி. சாலையில் மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியபோது ஓடியவற்றில் ஃபியட், ஹெரால்ட், அம்பாசடர் என்று கடையில் வாங்கி முடுக்கிய கார்கள் ஏராளம். நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் ஏழு முறை வென்றவர்; ராலியும் சாலைக்கார் விளையாட்டே. நரேன் தொடங்கியது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், சாலைக் காரான மாருதியின் எஞ்சின் பூட்டிய ஃபார்முலா மாருதியில். பந்தயம் சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியதற்கு எந்த ஆண்டைக் கோடாகக் கிழிப்பது என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. ஆனால் கூரை போட்ட கனத்த கார் இந்த மண்ணின் பந்தயத்துக்கு அந்நியம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

அந்த ஆண்டு டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக ரசிகர்கள் நரேனைத் தேர்ந்தெடுத்தார்கள். இதை அமெரிக்கா அவரை அணைத்துக்கொண்டதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. நான் தயங்குகிறேன். அவர் முழுப் பருவமும் ஓடியவரல்லர். இணையவழி வாக்கில் கடல் தாண்டிய கைகளும் இருந்திருக்கலாம். வாக்கு அன்பைக் காட்டும், ஓட்டத்தைக் காட்டாது.

பின்னாளைய பதிவு ஒன்று இதைவிடப் பயனுள்ளது. 2019 நவம்பர் 24 அன்று, ஜப்பானின் ஃபூஜி தடத்தில், ஜெர்மனியின் டி.டி.எம். கார் தொடரும் ஜப்பானின் சூப்பர் ஜி.டி. தொடரும் சேர்ந்து நடத்திய சிறப்புப் பந்தயங்களில் இரண்டாவதை நரேன் வென்றார். வண்டி ஹோண்டா என்.எஸ்.எக்ஸ்: கூரை போட்டது, கனத்தது, உரசித் தாங்குவது. மார்ட்டின்ஸ்வில் இதற்கு வித்திட்டது என்று சாதிக்கமாட்டேன். இடையில் ஒன்பது ஆண்டுகள், அவற்றில் பெரும்பகுதி ஒற்றை இருக்கைக் கார்கள். ஆனால் 2010-ஐ வெறும் வனவாசமாகப் படிப்பவர்கள் ஃபூஜியை எங்கே வைப்பார்கள் என்று சொல்லியாக வேண்டும். இனி அவருடைய சாதனைப் பட்டியல் எழுதுவோர் இண்டியானாபொலிஸ் 4-க்கு அருகே '6 கார்கள்' என்றும், மார்ட்டின்ஸ்வில் 13-க்கு அருகே '36 வண்டிகள்' என்றும் சேர்த்து எழுதட்டும்.