ரெக்ஸ்டேலில் முப்பத்தொரு நாள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பிறந்தால் 31 நாள் துடக்கு. அந்த நாட்களில் தாய் அடுப்படிக்குப் போவதில்லை, கிணற்றில் தண்ணீர் அள்ளுவதில்லை. நொச்சியும் வேப்பிலையும் போட்டு அவித்த வேது நீரில் அவளைக் குளிக்க வார்க்கவும், மிளகும் உள்ளியும் சேர்த்துச் சரக்குக்கறி வைக்கவும், இரவில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டு உலாத்தவும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். தீட்டென்று பெண்ணை விலக்கி வைப்பதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. ஆனால் பெற்றவளுக்கு ஓய்வு கொடுத்த ஏற்பாடும் அதற்குள்ளேதான் இருந்தது.

அந்த ஏற்பாடு ஆஸ்பத்திரியை எதிர்த்து நின்றதுமில்லை. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848இல் மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கினார். 1857இல் பிரசவ வைத்திய நூலொன்றையும் தமிழில் வெளியிட்டார். 1898இல் பெண்களுக்கென்றே இணுவிலில் மக்லியோட் ஆஸ்பத்திரி வந்தது. என் அம்மா பிறந்தது அங்கே. ஆஸ்பத்திரியில் பெற்று, வீட்டுக்கு வந்து வேது குளித்த பெண்கள்தான் எங்கள் முந்தைய தலைமுறை.

கனடாவில், ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் எங்களுக்குக் கிடைக்காமல் போனது வீட்டில் நடந்த அந்த இரண்டாவது பாதி. ரெக்ஸ் ஹெஸ்லொப் என்ற கட்டடக்காரர் 1950களில் எழுப்பிய குடியிருப்பு இது. பின்னர் கிப்ளிங் வீதியோரம் மாடிக் கட்டடங்கள் எழுந்தன. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் வந்த எங்கள் சனம் அவற்றில் குடியேறியது. வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். தாய்மார் ஊரில், போருக்கு நடுவில் நின்றுவிட்டார்கள்.

1990 பனிக்காலத்தில் என் மூத்தவன் பிறந்தான். கணவருக்கு விமான நிலையப் பக்கத் தொழிற்சாலையில் இரவு வேலை. மேல்மாடியில் இருந்த காரைநகர் அக்காதான் பத்தியச் சோற்றோடு இறங்கி வந்தார். "பிள்ளை, நீ கட்டிலை விட்டு இறங்காதை. பால் ஊற வேணுமெண்டால் முதல்ல நீ சாப்பிட வேணும்" என்றார். குளியல் தொட்டியைத் துடைத்து அதற்குள்ளேயே கால் நீட்டி உட்காருவார். முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி, நல்லெண்ணெய் தடவி, முழங்கையால் சூடு பார்த்த நீரைக் கோப்பை கோப்பையாய் வார்ப்பார். மடியில் விரித்த துவாயால் சுற்றி எடுத்த பிறகே தொட்டியை விட்டு எழும்புவார். தன் தாயின் கை பழகியதை அவர் கை செய்தது.

ரெக்ஸ்டேல் அடங்கிய எற்றோபிக்கோ அப்போது தனி நகரசபை. 1998இல்தான் ரொறன்ரோவோடு இணைந்தது. அந்த நகரசபையிலிருந்து வீட்டுக்கு வந்த சுகாதாரத் தாதி வேறு பாடம் சொன்னார். பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை வைக்கத் தேன் தொடக்கூடாது, அதிலுள்ள கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் நஞ்சை உண்டாக்கும் என்றார். ஊரில் இளவெயிலில் பிள்ளையைக் காட்டுவோம். ரொறன்ரோவின் பனிக்கால வெயிலில் வைட்டமின் டி தரும் பலன் இல்லை. அதனால் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு நாள்தோறும் 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்து. பால் ஊற வைக்கும் சுறாவறைக்கும் பிற்காலத்தில் கட்டுப்பாடு வந்தது. சுறாவில் பாதரசம் உள்ளதால் பாலூட்டும் தாய் மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் உண்ண வேண்டாம் என்கிறது கனடா சுகாதாரத் துறை.

திருத்தம் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை. அந்நாளில் வட அமெரிக்க மருத்துவர்கள் பலர் பிள்ளையைக் குப்புறக் கிடத்தச் சொன்னார்கள். அக்கா வந்து நிமிர்த்திப் போடுவார். குப்புறப் படுப்பது திடீர் மரண ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டிய பின், 1990களில் மருத்துவ உலகமும் நிமிர்த்தியே கிடத்தச் சொன்னது. சேலையில் கட்டும் ஏணை மட்டும் எங்களிடம் தங்கவில்லை. கொங்கிறீற்றுக் கூரையில் கயிறு கட்ட வளை ஏது? இறுகிய, சமமான மெத்தையே பிள்ளைக்குப் பாதுகாப்பு என்பதால் அதைத் திரும்பக் கொண்டுவரவும் வேண்டாம்.

சட்டமும் மெல்ல வீட்டுக்குள் வந்தது. கனடாவில் 1971இல் தாய்மாருக்கு 15 வாரக் கொடுப்பனவு தொடங்கியது. 1990 முடிவில், தாயோ தகப்பனோ எடுக்கக்கூடிய 10 வாரம் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டின் கடைசி நாள் முதல் அது 35 வாரமானது. 2019இல் பெற்றோர் பகிர்ந்துகொண்டால் மேலதிகமாக 5 வாரம் கிடைத்தது. ஊரில் பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே நின்ற ஆண்களின் பிள்ளைகள் இங்கே அணையாடை மாற்றுகிறார்கள். 2011 டிசம்பரில் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்குமான சூப்பர் விசா வந்ததும் அம்மம்மாக்கள் சரக்குத்தூளோடு வந்து நீண்ட காலம் தங்கினார்கள்.

இவ்வளவு வந்தும், முதற்பிள்ளை பெற்ற பெண் தனியே கிடக்கும் வீடுகள் இந்த மாடிகளில் இன்றும் உண்டு. பிள்ளையின் நிறை, பால், தூக்கம் பற்றியெல்லாம் விசாரிக்கிறோம். பெற்றவளுக்கு யார் சமைக்கிறார்கள் என்று கேட்பதில்லை. தீட்டு போகட்டும், தேன் போகட்டும், ஏணையும் போகட்டும். தாயை ஒரு மாதம் மற்றவர்கள் தாங்கும் அந்த முறை போகக்கூடாது. பக்கத்துக் கதவுக்குள் புதிதாய்ப் பிள்ளை அழும் சத்தம் கேட்டால், ஒரு நேரச் சாப்பாட்டோடு போய்த் தட்டுங்கள். ரெக்ஸ்டேலில் எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள்.